அழகர் நகைக்குக் கணக்கு உண்டு

சித்திரையில் மலையை விட்டு இறங்கும் அழகர் நேரே மதுரைக்குப் போய்விட முடியாது. கண்டாங்கிப் பட்டும் நேரிக்கம்புமாகக் கள்ளர் கோலத்தில் பல்லக்கேறியவர், முதலில் பதினெட்டாம்படி கருப்பன் வாசலில் நிற்க வேண்டும். அவர் மேல் என்னென்ன நகை இருக்கிறது என்று அங்கே பட்டியல் வாசிப்பது வழக்கம். ஆற்றில் இறங்கி, மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்த்து, ஊரெல்லாம் சுற்றிக் களைத்துத் திரும்பும்போதும் அதே வாசல், அதே பட்டியல். கருப்பனுக்கு அங்கே உருவம் கிடையாது. சந்தனம் பூசிய, சாத்திய கதவுதான் சாமி. ஆனாலும் அந்தக் கதவுக்கு முன்னால் ஒரு குன்றிமணித் தங்கம் கணக்குத் தப்பாது. சாமியே ஆனாலும் நகை போட்டுக்கொண்டு வெளியூர் போனால் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

அந்த ஏற்பாட்டைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அப்பன்திருப்பதி, கடச்சனேந்தல், மூன்றுமாவடி, புதூர் என்று அழகர் போகிற அதே தடத்தில் வருசம் முழுக்க இன்னொரு நகை வெளியே போய்க்கொண்டிருக்கிறது. ஊருக்கே பொதுவான நகை. தொலைந்தால் உடனே செய்து தர ஆசாரி கிடையாது. அதற்குப் பட்டியலும் இல்லை, வாசலும் இல்லை, கருப்பனும் இல்லை. ஒரு கத்திரிக்கோல் மட்டும் இருக்கிறது.

அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் சாயங்காலம் தலைவலித் தைலம் வாங்க அந்தச் சாலையில் ஒரு மெடிக்கலுக்குப் போயிருந்தேன். கடைப் பெயர் வேண்டாம். எழுதினால் மற்ற கடைக்காரர்கள் எல்லாம் தாங்கள் தப்பித்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். எனக்கு முன்னால் ஒருவர், இடுப்பில் துண்டு, கழுத்தில் காய்ந்த மாலை, குரலே வரவில்லை.

"அண்ணே, தொண்டை சுத்தமாக் கட்டிருச்சுண்ணே. ஒரு செட்டுக் குடுங்க."

"காய்ச்சல் இருக்கா?"

"லேசாக் கணகணன்னு இருக்கு."

"சளி?"

"மஞ்சளா வருது."

"அப்பச் சும்மா மாத்திரைக்குக் கேக்காது. கொஞ்சம் பவராப் போட்ருவோம். எத்தன வேளைக்கு?"

"ரெண்டு வேளைக்குப் போதும்ணே. நாளைக்கு வேலைக்குப் போகணும்."

நோயைக் கண்டுபிடித்தது, மருந்தை முடிவு செய்தது, எத்தனை நாள் என்று தீர்மானித்தது, மூன்றும் முக்கால் நிமிடத்தில் முடிந்தன. இதில் எத்தனை நாள் என்பதைத் தீர்மானித்தவர் நோயாளி. கடைக்காரர் அசித்ரோமைசின் 500 அட்டையை உருவினார். அட்டையின் முதுகில் ஓரமாக ஒரு சிவப்புக் கோடு. 2016இல் மத்திய சுகாதார அமைச்சகம் ஊரெல்லாம் விளம்பரம் செய்த கோடு அது. கோடு இருந்தால் மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்காதே என்று அர்த்தம். கத்திரி அந்தக் கோட்டின் குறுக்கே நறுக்கென்று இறங்கியது. தையற்காரர்கூட அவ்வளவு நேராக வெட்ட மாட்டார். இரண்டு மாத்திரை தனியே வந்தது. கூட ஒரு காய்ச்சல் மாத்திரை, ஒரு சளி மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை. எல்லாம் காகிதக் கவருக்குள். "சாப்பிட்டுப் போடுங்க." நாற்பது ரூபாய்.

அந்த மனிதருக்கு என்ன வந்திருக்கும்? மூன்று நாள் கோவிந்தா போட்ட தொண்டை, தல்லாகுளத்துப் புழுதி, லட்சம் பேர் மூச்சில் மிதக்கிற ஏதாவதொரு வைரஸ். ஆண்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும். வைரஸை எட்டிக்கூடப் பார்க்காது. சளி மஞ்சளாவது பாக்டீரியாவுக்குச் சாட்சி அல்ல. நம் வெள்ளை அணுக்கள் சண்டை போட்டுச் செத்து விழுந்த அடையாளம் அது. வைரஸ் சளியும் இரண்டொரு நாளில் மஞ்சளாகும். வைரஸுக்கு ஆண்டிபயாடிக் கொடுப்பது, கருப்பனுக்கு நேர்ந்த கிடாயை அழகர் சந்நிதியில் கொண்டுபோய் வெட்டுகிற மாதிரி. செலவு ஆனது ஆனதுதான், கிடாய் போனது போனதுதான், வாசல் தப்பு.

கிடாயோடு போனால் பரவாயில்லை. நம் குடலிலும் தோலிலும் கோடிக்கணக்கில் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. இரண்டு மாத்திரையோடு நிறுத்தினாலும் அசித்ரோமைசின் உடம்பில் நாள்கணக்கில் குறைந்துகொண்டே தங்கும் மருந்து. சாகிற அளவுக்கு அடி வாங்காமல், அடி எப்படி இருக்கும் என்று மட்டும் பார்த்துக்கொண்ட கிருமிகளுக்கு அது இலவசப் பயிற்சி முகாம். பெனிசிலினைக் கண்டெடுத்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங் 1945 டிசம்பரில் நோபல் உரையிலேயே இதைக் கதையாகச் சொல்லிவிட்டார். திருவாளர் எக்ஸுக்குத் தொண்டை வலி. தானே பெனிசிலின் வாங்கி அரைகுறையாகப் போட்டுக்கொள்கிறார். கிருமி சாகவில்லை, பாடம் படித்துக்கொண்டது. அது மனைவிக்குத் தொற்றி நிமோனியா ஆகிறது. மருந்து கேட்கவில்லை. மனைவி இறந்துபோகிறார். எண்பது வருசத்துக்கு முந்திய கற்பனை மனிதர். இப்போது நம்ம ஊரில் ஆதார் அட்டை வாங்கிவிட்டார்.

கடைக்காரரைத் திட்டுவது சுலபம். படித்தவர் வாசலுக்கும் போவோம்.

போன ஐப்பசி மழையில் என் தங்கை மகனுக்குச் சளியும் காய்ச்சலும். ஊரில் கைராசிக்காரர் என்று பேர் வாங்கிய ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். டோக்கன் 67. பிளாஸ்டிக் நாற்காலிகள், மூலையில் புகை விடுகிற நெபுலைசர், சுவரில் சிரிக்கிற குழந்தை. எங்கள் முறை வந்தபோது ஸ்டெதாஸ்கோப் சட்டைக்கு மேலேயே இரண்டு இடம் தொட்டது. அது தொடுவதற்கு முன்பே பேனா ஓட ஆரம்பித்திருந்தது. ஐந்து மருந்து.

"சார், இதுல ஆண்டிபயாடிக் எதுக்கு?" என்று கேட்டேன்.

"சேஃப்டிக்கு."

யாருடைய சேஃப்டிக்கு என்று கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை. வாசலில் இன்னும் முப்பது டோக்கன் இருமிக்கொண்டிருந்தது. பையனுக்கா? பையனுக்கு அந்த மருந்தால் கிடைக்கக்கூடியது வயிற்றுப்போக்கு மட்டுமே. சேஃப்டி டாக்டருக்கு. காய்ச்சல் இரண்டு நாளில் இறங்காவிட்டால் நாங்கள் வேறு கைராசியைத் தேடிப் போய்விடுவோம்.

"எதுக்கும் ரத்தம் டெஸ்ட் பண்ணிருங்க" என்றும் சொன்னார். மறுநாள் ரிசல்ட்டைப் பார்த்து, "டைபாய்டு லேசா இருக்கு" என்றார். டைபாய்டு என்ன குழம்பில் உப்பா, லேசாக இருக்க? அவர் பார்த்தது வைடால் பரிசோதனை. ஃபெர்னாண்ட் வைடால் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1896இல் உலகத்துக்குத் தந்தது. டைபாய்டு ஊரோடு ஒட்டிக் கிடக்கிற நம்ம மாதிரி நாட்டில், ஒரே ஒரு தடவை எடுத்த வைடால் எண்ணை வைத்து டைபாய்டு என்று சொல்ல முடியாது. எப்போதோ வந்துபோன காய்ச்சல், போட்ட தடுப்பூசி, சம்பந்தமில்லாத வேறு தொற்று, எது வேண்டுமானாலும் அந்த எண்ணைத் தூக்கிக் காட்டும். ரத்தக் கல்ச்சர் செய்தால் உண்மை தெரியும். அதற்குச் சில நாள் ஆகும். டோக்கன் 68 அதுவரை காத்திருக்குமா? ஆகவே மருந்தை மாற்றி, செஃபிக்ஸைம். அந்தக் கம்பெனி மாத்திரை ஊரில் வேறெங்கும் கிடைக்காது. டாக்டர் அறைக்கு வலதுபக்கம் ஒரு ஜன்னல் இருக்கிறது, அங்கே மட்டும்தான் கிடைக்கும். போலி டாக்டரைப் பிடித்தால் செய்தி. அசல் டாக்டர் எழுதினால் சிகிச்சை.

அதே வாரத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேறொரு காட்சி. இளம் டாக்டரம்மா. கைக்குழந்தையோடு வந்த தாயிடம் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். சட்டையைத் தூக்கி, கைக்கடிகாரத்தை வைத்து, குழந்தையின் மூச்சை ஒரு நிமிடம் முழுசாக எண்ணினார். "வைரஸ் காய்ச்சல்மா. மூணு நாள்ல இறங்கிரும். பாரசிட்டமால் போதும். தாய்ப்பாலை நிறுத்திராதீங்க. மூச்சு வேகமா வாங்குனாலோ, நெஞ்சு உள்ள இழுத்தாலோ, பால் குடிக்கலன்னாலோ ராத்திரின்னு பாக்காம ஓடி வந்துருங்க." உலக சுகாதார நிறுவனம் புத்தகம் போட்டுச் சொல்வதை அந்த அம்மா இரண்டு நிமிடத்தில் செய்து முடித்தார். வெளியே வந்த தாயிடம் மாமியார் கேட்டாள்: "ஊசி போட்டாகளா?" "இல்லத்தே." "ஆண்டிபாட்டிக்கு?" "அதுவும் இல்ல." "அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் தெரியலடி. வா, நம்ம கைராசிக்காரருகிட்டப் போவோம்."

போனார்கள். ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. தானாக இறங்குகிற காய்ச்சலுக்கு யார் கடைசியாக மருந்து கொடுத்தாரோ அவருக்கே கைராசி. நம்ம ஊர் மருத்துவத்தின் முழுச் சூத்திரமும் இந்த ஒரு வரிதான். சரியாகச் செய்தவர் ஒன்றும் தெரியாதவர் ஆனார். தப்பாகச் செய்தவர் வீட்டுக்கு இன்னொரு மாடி ஏறியது.

ஏதோ ஒரு தெருக் கதையை வைத்துக்கொண்டு குதிக்கிறான் என்று தோன்றலாம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்காரர்கள் 2003 முதல் 2005 வரை தங்கள் ஊர்ப் பக்கம் கடை, கிளினிக், மருத்துவமனை என்று உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். நூற்றுக்கு நாற்பது பேர் ஆண்டிபயாடிக்கோடு வீட்டுக்குப் போனார்கள். 2022இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வந்த ஆய்வு, 2019இல் இந்தியத் தனியார் சந்தையில் அதிகம் போன ஆண்டிபயாடிக் எது என்று கணக்கெடுத்தது. முதலிடம் அசித்ரோமைசின் 500 மாத்திரைக்கு. அடுத்து செஃபிக்ஸைம் 200. மெடிக்கலில் அந்த அண்ணனும் கிளினிக்கில் என் தங்கை மகனும் நாட்டின் முதல் இரண்டு இடங்களை வாங்கி வந்திருக்கிறார்கள். கொரோனா வரும் முன்பே இந்த நிலை.

இந்த இரண்டும் எப்படிப்பட்ட மருந்து? உலக சுகாதார நிறுவனம் 2017இல் ஆண்டிபயாடிக்குகளை மூன்றாகப் பிரித்தது. நம்ம வீட்டுப் பாஷையில் சொன்னால் தினப்படிக்குப் போடுகிற நகை, விசேசத்துக்கு மட்டும் எடுக்கிற நகை, வேறு வழியே இல்லாதபோது திறக்கிற லாக்கர் நகை. அமாக்சிசிலின் தினப்படி. அசித்ரோமைசினும் செஃபிக்ஸைமும் விசேச நகை. அந்த 2019 கணக்கில், தனியாரில் போனதில் பாதிக்கு மேல் விசேச நகை. கல்யாணத்துக்கு எடுக்கிற காசுமாலையைக் களை பறிக்கப் போட்டுக்கொண்டு போகிற நாடு இது.

ஏன் பதற வேண்டும் என்றால், உண்மையான டைபாய்டு இன்னும் இங்கே இருக்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின் அதற்குக் கேட்காமல் போய் வெகுகாலம் ஆயிற்று. 2016இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் கிளம்பிய டைபாய்டுக் கிருமிக்கு சிப்ரோவும் ஆகாது, செஃப்ட்ரையாக்ஸோன் ஊசியும் ஆகாது. அங்கே வாயால் விழுங்கக் கடைசியாக மிஞ்சிய மாத்திரை ஒன்றே ஒன்று: அசித்ரோமைசின். கோவிந்தா போட்டுக் கட்டின தொண்டைக்கு நாற்பது ரூபாய்க்குக் கத்திரித்துக் கொடுத்தார்களே, அதேதான்.

கருப்பன் வாசலுக்கு இன்னொரு பேரும் உண்டு. கோர்ட்டில் தீராத வழக்கு அங்கே தீரும். பணம் வாங்கவில்லை என்பவன் அந்தக் கதவைப் பார்த்துக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ண வேண்டும். பொய்ச் சத்தியம் பண்ணினவன் குடும்பம் விளங்காது. படியைப் பார்த்ததுமே பாதிப் பேர் கடனைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இந்த வழக்கையும் அங்கே கொண்டுபோனால் என்ன ஆகும் என்று ஒரு நாள் மனசுக்குள் பஞ்சாயத்துக் கூட்டிப் பார்த்தேன்.

முதலில் நோயாளி வந்தார். "சாமி, ஒரு நாள் வேலைக்குப் போகலன்னா கூலி போச்சு. டாக்டருக்குப் பீசு, ஆட்டோவுக்குக் காசு, டெஸ்ட்டுக்குக் காசு. கடையில நாப்பது ரூவாயில முடிஞ்சது." கற்பூரத்தை அணைத்தார். ஒன்றும் ஆகவில்லை. சொன்னது அத்தனையும் நிசம்.

கடைக்காரர் வந்தார். "நான் குடுக்கலன்னா அடுத்த கடையில வாங்கப் போறாக. நான் குடுக்குற செட்டு நானாக் கண்டுபிடிச்சதா சாமி? டாக்டருமாருக எழுதுற சீட்டப் பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டது." அதுவும் நிசம். "எச்1 நோட்டு வச்சிருக்கியா?" என்று கேட்டால், "இருக்கு சாமி" என்பார். 2014 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிற சட்டம். தொடங்கும்போது 46 மருந்துகள், அதில் 24 ஆண்டிபயாடிக். எழுதிக் கொடுத்த டாக்டர் யார், வாங்கியவர் யார், என்ன மருந்து, எத்தனை என்று தனி நோட்டில் எழுதி 3 வருசம் வைத்திருக்க வேண்டும். நகைப் பட்டியலேதான். வாசிக்கத்தான் வாசல் இல்லை. இதில் ஒரு கூத்தும் உண்டு. நாட்டில் அதிகம் விற்கிற அசித்ரோமைசின் அந்த 24க்குள் இல்லை. ஒட்டியாணத்தை விட்டுவிட்டு மோதிரத்தை எண்ணுகிற கணக்குப்பிள்ளை.

டாக்டர் வந்தார். "ஊசி, ஆண்டிபயாடிக் இல்லன்னா பேஷன்ட் திரும்பி வர்றதில்ல. நாளைக்கு நூறு பேர் பாக்குறேன். விளக்கிச் சொல்ல நேரம் எங்க இருக்கு?" நிசம். இந்திய மருத்துவச் சங்கமே 2023 மார்ச்சில் தன் உறுப்பினர்களுக்குச் சொன்னது: சளி, இருமல், காய்ச்சலுக்கு ஆண்டிபயாடிக் எழுதாதீர்கள், காய்ச்சல் மூன்று நாளில் போய்விடும், இருமல் மூன்று வாரம்கூட இருக்கும் என்று. மூன்று நாள் காத்திருக்கச் சொல்ல மூன்று நிமிடம் வேண்டும். ஆண்டிபயாடிக் எழுத மூன்று விநாடி போதும். அறிவுரையை ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பார்கள். சிரிக்கிற குழந்தைக்குப் பக்கத்தில்.

கம்பெனிக்காரர் டை கட்டிக்கொண்டு வந்தார். "நாங்கள் மருந்து செய்கிறோம். மருத்துவர்களின் அறிவு வளரத் துணை நிற்கிறோம்." இந்தத் துணைக்குச் செலவழித்த பணத்துக்கு வருமான வரியில் கழிவு வேண்டும் என்று ஒரு மருந்து நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை போனது. டாக்டர்களுக்குக் கொடுத்த இலவசங்களுக்கு வரிக் கழிவு கிடையாது என்று 2022 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. யோசித்துப் பாருங்கள். கொடுத்ததை மறைக்கவில்லை; ரசீது வைத்திருந்தார்கள், கழிவு கேட்டார்கள். இந்த வழக்கில் ஒழுங்காகக் கணக்கு எழுதிய ஒரே ஆசாமி இவர்தான்.

கடைசியாக அரசாங்கம் வந்தது. கையில் ஒரு கட்டு. "2016இல் சிவப்புக் கோடு போட்டோம். 2017இல் தேசியச் செயல்திட்டம் போட்டோம். 2024 ஜனவரியில் சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநர், ஆண்டிபயாடிக் எழுதினால் காரணத்தையும் எழுதுங்கள் என்று மருத்துவக் கல்லூரிகளுக்கும் சங்கங்களுக்கும் கடிதம் போட்டார்." எல்லாம் போட்டார்கள், உண்மை. 2010இல் என்ன செய்தது என்று கேட்டால் அரசாங்கம் தொண்டையைச் செருமும். அந்த வருசம், லாக்கர் நகைக்குப் பக்கத்தில் இருக்கிற கார்பபெனம் மருந்துகளையே அறுத்துப்போடும் என்.டி.எம்.-1 என்ற நொதியைப் பற்றி லான்செட் இதழ் ஒன்றில் கட்டுரை வந்தது. முதல் பெயர் சென்னைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையிலிருந்து மட்டும் 44 மாதிரிகள். டெல்லியில் என்ன நடந்தது? கிருமி இருக்கிறதே என்று யாரும் கொதிக்கவில்லை. அதற்கு நியூடெல்லி பேரை வைத்துவிட்டார்களே, வைத்தியச் சுற்றுலா கெட்டுப்போகுமே என்று கொதித்தார்கள். வீட்டில் திருடு போனதற்கு அல்ல, புகாரில் வீட்டு விலாசத்தைப் போட்டதற்குக் கோபம்.

ஐந்து சத்தியம். ஐந்தும் நிசம். கருப்பனிடம் அரிவாள் இருக்கிறது. யார் தலையில் போடுவது? பொய்யனைத் தண்டிக்கத் தெரிந்த சாமிக்கு, ஆளுக்கொரு துண்டு உண்மையை வெட்டி எடுத்துக்கொண்டு வருகிறவர்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. மாத்திரையை மட்டுமா செட்டுப் போட்டார்கள்? பாவத்தையும் செட்டுப் போட்டுவிட்டார்கள். ஆளுக்கு ரெண்டு வேளைக்கு. யார் வயிற்றையும் கலக்காத அளவு.

இதற்கு மேல் எனக்குச் சிரிக்க வரவில்லை. டெல்லியின் மூன்று பெரிய அரசு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. பிறந்த சில நாட்களுக்குள் ரத்தத்தில் கிருமி ஏறிய குழந்தைகள். அதிகம் கிடைத்த அசினெட்டோபாக்டர் கிருமியில் பத்தில் எட்டு, பல மருந்துகளுக்கும் பிடி கொடுக்காதவை. அந்தக் குழந்தைகள் எந்த மெடிக்கலில் செட்டு வாங்கின? எந்த டாக்டரிடம் ஊசி கேட்டன? பேர்கூட வைக்காத பிள்ளைகள். நாம் தொண்டைக்கும் மூக்குக்கும் வாங்கித் தின்ற கடனை அவர்கள் பேரில் எழுதியிருக்கிறோம். 2019இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் உலகத்தில் நேரடியாகச் செத்தவர்கள் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். யார் வீட்டு இறப்புச் சான்றிதழிலும் "சேஃப்டிக்கு எழுதியது" என்று காரணம் போட்டிருக்காது.

ஐந்து சத்தியமும் நிசம் என்றேன். ஐந்தும் ஒரே எடை என்று சொல்லவில்லை. நாள் கூலிக்காரருக்கு வைரஸ் எது, பாக்டீரியா எது என்று தெரியாது. அது அவர் குற்றமில்லை. மூன்று நாள் படுத்துக் கிடக்க அவருக்குக் காசு கொடுத்து வைத்தவர் யாரும் இல்லை. கடைக்காரருக்கு அரைகுறையாகத் தெரியும். டாக்டருக்கு முழுசாகத் தெரியும். கம்பெனிக்கு எந்தத் தெருவில் எத்தனை அட்டை போகிறது என்பது வரை தெரியும். அரசாங்கத்துக்கு எல்லாம் தெரியும் என்பதற்கு அதன் கையில் இருக்கிற கட்டே சாட்சி. தெரியாமல் செய்கிறவரைப் பார்த்து "விழிப்புணர்வு இல்லை" என்று தெரிந்து செய்கிறவர்கள் மேடை போட்டுப் பேசுவதுதான் இந்தப் பஞ்சாயத்தில் உச்ச அசிங்கம்.

வழியே இல்லையா என்றால் இருக்கிறது. அதுவும் கருப்பன் வழி. லாஸ் ஏஞ்சலஸில் ஐந்து கிளினிக்குகளில் ஒரு சோதனை செய்து 2014இல் வெளியிட்டார்கள். "தேவையில்லாமல் ஆண்டிபயாடிக் எழுத மாட்டேன்" என்று டாக்டர் தன் போட்டோவோடு கையெழுத்துப் போட்ட கடிதத்தைப் பெரிதாக அச்சடித்து, நோயாளியைப் பார்க்கும் அறையிலேயே மாட்டினார்கள். அவ்வளவுதான் மருந்து. மாட்டாதவர்களோடு ஒப்பிட்டால், சளிக்கு வீணாக எழுதுவது நூற்றுக்கு இருபது அளவுக்குக் குறைந்தது. நாலு பேர் பார்க்கிற இடத்தில் சத்தியம் பண்ணினால் மனிதன் கொஞ்சம் யோசிப்பான் என்று அமெரிக்கா ஆராய்ச்சி நடத்திக் கண்டுபிடித்திருக்கிறது. நம்ம ஊர்க் கிடாய் வெட்டுக்காரரைக் கேட்டிருந்தால் சும்மாவே சொல்லியிருப்பார்.

இன்னொரு வழி பக்கத்திலேயே இருக்கிறது. மலையாள தேசத்திலிருந்து வந்த பதினெட்டு மந்திரவாதிகள் அழகரின் சக்தியைத் திருடப் பார்த்தார்கள், அவர்களைப் புதைத்துத்தான் பதினெட்டுப் படி என்பது கதை. இப்போது நாம்தான் மலையாளத்திலிருந்து ஒன்றைத் திருட வேண்டும். மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்கு எதிராக மாநில அளவில் செயல்திட்டத்தை 2018லேயே கேரளம் போட்டது. 2024இல் சீட்டு இல்லாமல் விற்கிற கடைகளைத் தேடிச் சோதனைக்கு ஆள் இறக்கியது. கட்டுக் கட்டாகக் காகிதம் நம்மிடமும் இருக்கிறது. கடை வாசலில் போய் நிற்கிற ஆள்தான் பட்டியல் வாசிப்பவர்.

பட்டியல் வாசித்தால் போன நகை திரும்புமா என்று கேட்பீர்கள். ஒன்று திரும்பியிருக்கிறது. டைபாய்டுக்கு ஒரு காலத்தில் குலதெய்வம் மாதிரி இருந்த மருந்து குளோராம்பெனிக்கால். 1972இல் கோழிக்கோட்டில் அதற்கு அடங்காத டைபாய்டு கிளம்பியது. பிறகு நாடு முழுக்க அது வேலைக்கு ஆகாமல் போய், டாக்டர்கள் அதைத் தொடுவதையே விட்டார்கள். இன்று இந்தியாவில் ரத்தத்திலிருந்து எடுத்து வளர்த்துப் பார்க்கிற டைபாய்டுக் கிருமிகளில் பெரும்பாலானவை அந்தப் பழைய குளோராம்பெனிக்காலுக்கு மறுபடி அடங்குகின்றன. யாரும் தியாகம் செய்யவில்லை. மறந்துபோனோம், தொடாமல் இருந்தோம், வந்துவிட்டது. மறதிக்கே இந்தப் பலன் என்றால், தெரிந்து அடக்கி வைத்தால் என்ன கிடைக்கும் என்று எண்ணிப் பார்க்க நம்மிடம் ஆள் இல்லை.

நாலு நாள் கழித்து அதே மெடிக்கலுக்குப் போனேன். அதே அண்ணன் நின்றார். தொண்டை சரியாகியிருந்தது, குரல் கணீரென்று வந்தது.

"அண்ணே, அன்னிக்குக் குடுத்தீகளே, கைமேல கேட்டுச்சுண்ணே. அதே செட்டு ஒண்ணு குடுங்க. சின்னப் பொண்ணுக்குச் சளி."

"வயசு என்ன?"

"ஆறு."

"அப்ப அதப் பாதியா ஒடச்சுக் குடுங்க."

கத்திரி சிவப்புக் கோட்டைக் கடந்தது.

அழகர் அதற்குள் மலைக்குத் திரும்பியிருந்தார். கருப்பன் வாசலில் கணக்குப் பார்த்தார்கள். ஒரு குன்றிமணிகூடக் குறையவில்லை.